பச்சைக் குறிக்குப் பிறகு

அலுவலகத்தில் எனக்கு எமர்சன் என்று பெயர். கனடாவிலிருந்து எல்லை தாண்டி அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸுக்குப் போய் மலிவாகச் செருப்பும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர்களின் காரை எமர்சன் சுங்கச் சாவடியில் நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். வின்னிபெக்கில் வளர்ந்த எல்லோரும் அங்கே நின்றிருக்கிறார்கள், யாருக்கும் அது பிடித்ததில்லை. பெயர் வைத்தவன் எங்கள் குழுவின் டைசன் ஃப்ரீசன். "எமர்சன் இன்னிக்குத் திறந்திருக்கா, இல்ல கியூவா?" என்று என் மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துக் கேட்பான். நானும் சிரிப்பேன். என் உண்மையான பெயர் வெர்னா பெட்ராஷ் என்பதை அங்கே பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

நாங்கள் பள்ளிப் பேருந்துகளுக்கு மென்பொருள் எழுதுகிறோம். பெற்றோர் கைபேசியில் ஊர்ந்து போகும் மஞ்சள் பேருந்து படம் வேறு குழுவின் வேலை. அதற்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், எந்தச் செய்தி எந்த வீட்டுக்கு எப்போது போகவேண்டும் என்று தீர்மானிக்கும் நிரல் எங்களுடையது. அதில் யார் எதை மாற்றினாலும் நான் படித்துப் பார்த்துப் பச்சைக் குறி போடவேண்டும். போட்டால்தான் மாற்றம் உள்ளே போகும். சந்தேகம் இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் கேள்வி எழுதுவேன். எழுதியவர் பதில் சொல்வார், அல்லது திருத்துவார், அல்லது கேள்விக்குக் கீழே இருக்கும் 'தீர்ந்தது' என்ற பொத்தானை அமுக்கிவிடுவார். அமுக்கினால் கேள்வி மடிந்து சாம்பல் நிறமாகி மறைந்துவிடும். தீர்ந்ததா என்று கேட்டவரிடம் கேட்கவேண்டும் என்கிற சட்டம் எதுவும் கிடையாது. அந்தப் பொத்தானை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் வீட்டில் எந்தச் சண்டையும் முடிந்திருக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

இலையுதிர் காலத்தில் டைசன் ஒரு மாற்றம் எழுதினான். குளிர் கடுமையாகிப் பேருந்துகளை நிறுத்தும் காலைகளில் எல்லாப் பள்ளிக் கோட்டங்களும் ஒரே நேரத்தில் பெற்றோருக்குச் செய்தி அனுப்பும். தொலைபேசி நிறுவனம் திணறிப்போய்ச் சில செய்திகளைத் திருப்பிவிடும். பழைய நிரல் பொறுமையாகத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்ததால் வரிசை முழுவதும் தாமதமானது. டைசன் அதை வேகமாக்கினான். திரும்பி வந்த செய்தியை ஒருமுறை மட்டும் மறுபடி அனுப்பிவிட்டு, அப்புறம் விட்டுவிடுவது. நன்றாகவே எழுதியிருந்தான். அவன் வேலை சுத்தம் என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

அந்த வரிக்குப் பக்கத்தில் நான் எழுதியது இவ்வளவுதான்: செய்தி போய்ச் சேரவில்லை என்றால் அது யாருக்குத் தெரியும்?

அவன் எழுந்து என் மேசைக்கே வந்தான். "எமர்சன், நூத்துல ஒண்ணு ரெண்டுதான் அப்படித் திரும்பும். அதுக்குப்போய் டிக்கியத் திறக்கச் சொல்றீங்களே."

"அந்த ஒண்ணு ரெண்டு யாரு வீடு?"

"யார் வீடுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தான் கேக்கறேன். உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. பஸ் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்காவது தெரியணுமில்ல. தெரிஞ்சா போன் பண்ணிச் சொல்லுவாங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனான். ஆனால் திருத்தினான். சேராத செய்திகள் அந்தந்தக் கோட்டத்தின் போக்குவரத்து அலுவலகத் திரையில் பட்டியலாக வரும்படி செய்தான். நான் ஒவ்வொரு வரியையும் படித்தேன், சோதித்தும் பார்த்தேன், பச்சைக் குறி போட்டேன். இவ்வளவுதான் நான் செய்தது. இதற்கு மேல் ஒரு புள்ளிகூட நான் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்க அப்போது ஒன்றும் இல்லை.

ஜனவரியில் ஒரு காலை. என்ஜின் உறைந்துபோகாமல் சூடேற்ற, கார்களின் மூக்கிலிருந்து வயர் தொங்க, எல்லோருடைய வண்டியும் சுவர் மின்சாரத்தில் செருகப்பட்டுக் கிடந்த காலை. செல்கர்க்குக்கு வடக்கே ஒரு பள்ளிக் கோட்டம் பேருந்துகளை நிறுத்தியது. செய்திகள் போயின, சில திரும்பி வந்தன. திரும்பி வந்தவை எந்தத் திரையிலும் வரவில்லை. ஒரு சரளைச் சாலை முனையில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண் பேருந்துக்காக நின்றாள். செய்தி வராததால் அம்மா வழக்கம்போல் அவளை அங்கே இறக்கிவிட்டு மருத்துவமனை வேலைக்குப் போயிருந்தாள். பனி தள்ளும் வண்டிக்காரர் ஒருவர் அவளைப் பார்த்து, ஏற்றிக்கொண்டு, ஹீட்டரை முழுதாகத் திருப்பி வைத்தார். கையுறைக்குள் இடது கை விரல் நுனிகள் மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. விரல்கள் பிழைக்குமா பிழைக்காதா என்று உடனே சொல்லமுடியாது, வாரக்கணக்கில் காத்திருந்துதான் பார்க்கவேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

விஷயம் வந்ததும் நான் முதலில் அந்த மாற்றத்தைத் திறந்தேன். பட்டியல் எங்கே? அது இருந்த இடமே இல்லை. என் பச்சைக் குறி அப்படியே இருந்தது. அதற்குக் கீழே, நான் குறி போட்ட மறுநாள், டைசன் இன்னொரு துண்டைச் சேர்த்திருந்தான். 'சின்னச் சுத்தம்' என்று அதற்குத் தலைப்பு. வாடிக்கையாளருக்குக் காட்டும் ஒத்திகையில் பட்டியல் மெதுவாக வந்ததாம், அதனால் இப்போதைக்கு எடுத்துவிட்டானாம். எடுத்துவிட்டு, என் குறி இன்னும் பச்சையாக இருப்பதைப் பார்த்து, உள்ளே அனுப்பிவிட்டான்.

இது நடக்கக்கூடாது. புதிதாக ஒரு வரி சேர்ந்தாலும் பழைய பச்சை தானாக விழுந்துவிடவேண்டும். எங்கள் சரிபார்ப்புக் கருவியில் அதற்கு ஒரு விசை இருக்கிறது. முன்பு அது போட்டுத்தான் இருந்தது. 'ஒரு எழுத்துப் பிழையத் திருத்தினாக்கூட மறுபடி எமர்சன்ல போய் நிக்கணுமா' என்று எல்லோரும் அலுத்துக்கொண்டதால், எங்கள் மேலாளர் லூக் கோத்தியே அதை அணைத்தான். அணைக்காதே என்று நான் சொன்னேன். "நம்ம ஆளுங்க மேல நம்பிக்கை வை, வெர்னா" என்றான். லூக்கும் நானும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவன் கல்யாணத்துக்குப் பணம் திரட்ட நடந்த சோஷியல் விருந்தில் டிக்கெட் விற்றவள் நான்.

எங்கள் தொழிலில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஏதாவது உடைந்தால் ஒரு கூட்டம் போடுவோம். அதில் யாரையும் குறை சொல்லக்கூடாது, யார் பெயரையும் எடுக்கக்கூடாது. பயந்தால் மனிதர்கள் மறைப்பார்கள், மறைத்தால் ஓட்டை தெரியாது. நான் அந்த வழக்கத்தை உண்மையாகவே நம்புகிறவள். அன்றைக்குத்தான் அதன் இன்னொரு முகத்தைப் பார்த்தேன்.

லூக் பலகையில் எழுதினான்: மாற்றம் எழுதப்பட்டது. மாற்றம் சரிபார்க்கப்பட்டது. ஒப்புதல் தரப்பட்டது. மாற்றம் உள்ளே போனது.

"வரிசை தப்பா இருக்கு" என்றேன். "ஒப்புதலுக்கு அப்புறம் ஒண்ணு சேந்துச்சு. அதையும் எழுது."

"அதை எழுதினா ஒருத்தரைச் சுட்டிக்காட்டற மாதிரி ஆயிடும்."

"இப்ப யாரைச் சுட்டிக்காட்டுது? சரிபார்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கே. பின்பக்க நிரலைச் சரிபாக்கறவ இந்த ஊர்லயே நான் ஒருத்திதான்."

"பேர் போடலையே, வெர்னா."

"பேர் போட்டிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்."

டைசன் தன் காபிக் கோப்பையின் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக, "மெயில் போயிருக்குமே உங்களுக்கு" என்றான்.

போயிருந்தது. ஒரு நாளில் எனக்கு வரும் நூற்றுக்கணக்கான தானியங்கிக் கடிதங்களுக்கு நடுவே 'சின்னச் சுத்தம்' என்று ஒன்று. அதை நான் திறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பொருளை எடுத்துக்கொண்டவன் வாசலில் ஒரு துண்டுச்சீட்டைப் போட்டுவிட்டு, அதுதான் சொன்னேனே என்கிற மாதிரி. என் காது சூடாகிவிட்டது. சொன்னால் குறை சொல்வதாகிவிடும் என்பதால் அதையும் விழுங்கினேன். கூட்டத்தின் முடிவில், சரிபார்க்கிறவர்கள் கவனம் பற்றிய இணையப் பயிற்சி ஒன்றை முடிக்கவேண்டும் என்று தீர்மானமானது. பன்மையில் சொன்னார்கள். அன்று மத்தியானமே எனக்கு மட்டும் அழைப்பு வந்தது. கண்ணாடி போட்ட கார்ட்டூன் ஆந்தை ஒன்று, 'அவசரப்படாதீர்கள், நண்பரே' என்றது.

லூக் அறிக்கை எழுதினான். அது பள்ளிக் கோட்டத்துக்குப் போகும், அவர்கள் அதை அந்த அம்மாவிடம் கொடுப்பார்கள். எனக்கு நெஞ்சில் உறுத்தியது அதுதான். ஆந்தை என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். ஆனால் அந்தப் பெண்ணின் தாய் ஒரு தாளைப் பிரித்து, 'மூத்த அலுவலர் ஒருவர் படித்துப் பார்த்து ஒப்புதல் தந்தார், சரிபார்ப்பில் ஏற்பட்ட கவனக்குறைவே காரணம்' என்று படிக்கப்போகிறாள். யாரோ ஒருத்தி பார்த்தாள், இதனால் என்ன ஆகும் என்று கேட்கவே தோன்றாமல் சரி என்றாள் என்று அவள் வாழ்நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பாள். நான் கேட்டேனே. கேட்ட கேள்வி இன்னும் அங்கே சாம்பல் நிறத்தில் மடிந்து கிடக்கிறதே.

அறிக்கையும் நிரலைப் போலவே எங்கள் கருவியில்தான் சரிபார்க்கப்படும். ஒப்புதல் தரவேண்டியவர்களில் நான் ஒருத்தி. நிரலைப் படிப்பதுபோலவே படித்தேன். 'ஒப்புதல் தந்தார்' என்ற வரிக்குப் பக்கத்தில், எதற்கு ஒப்புதல் என்று கேட்டேன். 'அருமையான கேள்வி' என்று பதில் எழுதிவிட்டு லூக் 'தீர்ந்தது' அமுக்கினான். 'கவனக்குறைவு' என்ற சொல்லுக்குப் பக்கத்தில், எந்த வரியைக் கவனிக்கவில்லை என்று காட்டவும் என்று எழுதினேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. தீர்ந்தது. விசை அணைந்திருப்பது ஏன் எங்கும் சொல்லப்படவில்லை என்று கேட்டேன். அதற்குக் கட்டைவிரல்கூட வரவில்லை. தீர்ந்தது.

பக்கத்து மேசை ரோவெனா பான்சிட் நூடுல்ஸ் டப்பாவை என் பக்கம் நகர்த்தினாள். மணிலாவிலிருந்து சின்ன வயதில் வந்தவள், என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "சாப்பிடுங்க அக்கா. கீபோர்டை இப்படிக் குத்தினீங்கன்னா அதுக்கும் ஒரு கூட்டம் போடுவாங்க."

"நீ பச்சை போட்டுட்டியா?"

"காலைலயே போட்டேன். நீங்க போடமாட்டீங்கன்னு தெரியும், அந்தத் தைரியத்துலதான்."

நான் சிவப்பைப் போட்டேன். சிவப்பு நிற்கும்வரை அறிக்கை எங்கும் போகாது. மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் நேரம் லூக் கையில் பனி பூட்ஸோடு வந்து நின்றான்.

"என்ன வேணும் உனக்கு?"

"ஒரு வரி."

அவன் குனிந்து என் திரையைப் படித்தான். 'ஒப்புதலுக்குப் பிறகு, சரிபார்த்தவர் பார்க்காத மாற்றம் ஒன்று சேர்க்கப்பட்டது. பழைய ஒப்புதலே அதற்கும் செல்லும்படி கருவி அமைக்கப்பட்டிருந்தது.' யார் பெயரும் இல்லாத வரி. இரண்டு வாக்கியம் என்று எண்ணினாலும் சரி.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லையே" என்றான் கொஞ்சம் ஆச்சரியத்தோடு.

"அதனாலதான் கேக்கறேன்."

அவன் சேர்த்தான். நான் மறுபடி முழுவதும் படித்துவிட்டுப் பச்சை போட்டேன். வீட்டுக்குப் போகும் வழியில் கார் ரேடியோவைக்கூடப் போடவில்லை. அந்த அம்மாவின் கையில் இருக்கப்போகும் தாளில் உண்மை இருக்கிறது என்ற எண்ணமே போதுமான சத்தமாக இருந்தது.

சில நாள் கழித்துப் பள்ளிக் கோட்டத்திலிருந்து போக்குவரத்துத் தலைவி டார்லீன் சின்க்ளேர் எங்கள் அலுவலகத்துக்கே வந்தார். தடித்த மேலங்கியைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டார், மணி வேலைப்பாடு செய்த கண்ணாடி உறையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். லூக் அறிக்கையைப் பெரிய திரையில் போட்டு வாய்விட்டுப் படித்தான். மாற்றம் எழுதப்பட்டது என்றான், சரிபார்க்கப்பட்டது என்றான். என் வரி வரப்போகிறது என்று நான் மேசைக்கடியில் விரல்களைக் கோத்துக்கொண்டேன்.

"சரிபார்ப்பில் ஏற்பட்ட கவனக்குறைவு காரணமாக..." என்று அவன் அடுத்த பத்திக்குப் போய்விட்டான்.

ரோவெனா என் முழங்கையை இடித்தாள். "அக்கா, உங்க வரி எங்க?"

மடிக்கணினியைத் திறந்தேன். என் பச்சைக் குறி பளிச்சென்று இருந்தது. அதற்குக் கீழே, நான் போட்ட மறுநாள் காலை, லூக் ஒரு துண்டு சேர்த்திருந்தான். 'சொல் திருத்தம்' என்று தலைப்பு. என் வரியை எடுத்திருந்தான். என் பெயர் மட்டும் அடியில், ஒப்புக்கொண்டவர் என்று இருந்தது.

கோபம் வந்தால் எனக்குக் கண்ணீர் வரும், அது எனக்குப் பிடிக்காத குணம். அன்று வரவில்லை. ஏனோ உடம்பு முழுவதும் தெளிவாகிவிட்டது. மூடுபனி கலைந்து, வயலின் அந்தக் கோடியில் இருக்கும் தானியக் கிடங்கு திடீரென்று கிட்டத்தில் தெரியுமே, அந்த மாதிரி.

டார்லீன் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரிபாத்தவங்க யாரு? இங்க இருக்காங்களா?"

"எங்ககிட்ட பேர் சொல்ற வழக்கம் இல்ல, டார்லீன்" என்றான் லூக். "இது குறை சொல்ற கூட்டம் இல்ல."

"நான்தான்" என்றேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். "ஏம்மா, நீ பாத்தியா? பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னியா?"

"நான் சரின்னு சொன்னது வேற. அதுக்கப்புறம் மாத்தினாங்க. நான் போட்ட பச்சை அதுமேல அப்படியே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு."

"புரியலையே."

"காட்டறேன். நிரல் வேணாம். இந்த அறிக்கையவே காட்டறேன்."

"வெர்னா" என்றான் லூக்.

என் மடிக்கணினியைப் பெரிய திரையில் இணைத்தேன். நான் ஒப்புக்கொண்ட அறிக்கை இடது பக்கம், அவர் கையில் இருக்கும் அறிக்கை வலது பக்கம். இடதில் என் வரி இருந்தது. வலதில் அந்த இடம் சிவப்பாக அடிக்கப்பட்டிருந்தது. இரண்டின் அடியிலும் ஒரே பச்சை, ஒரே பெயர்.

டார்லீன் எழுந்து திரைக்குக் கிட்டே போய் என் வரியை உதடு அசையப் படித்தார். அப்புறம் தன் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துட்டு, வேற தாளை வச்சு, என் கையெழுத்தை அதுல ஒட்டலாம். அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"அந்தப் பஸ் விஷயத்துலயும் இதே?"

"இதேதான்."

"இது இங்க எல்லாருக்கும் தெரியும்?"

அப்போது டைசன் வாயைத் திறந்தான். அவன் கழுத்திலிருந்து காதுவரை சிவந்திருந்தது.

"தெரியும். நாங்கதான் அப்படி வைக்கச் சொல்லிக் கேட்டோம், காத்திருக்கப் பிடிக்கல. பட்டியலை எடுத்தது நான். அவங்க அதைப் பாக்கவே இல்ல. முதல்ல அதை வைக்கச் சொன்னதே அவங்கதான்."

அதற்காக அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். சொல்லவேண்டிய அறையில், சொல்லவேண்டிய ஆளிடம் சொன்னான், அவ்வளவுதான். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் நான் அந்த ஆந்தையைப் பார்த்திருக்க வேண்டாம்.

டார்லீன் தன் தாளை நான்காக மடித்து மேசை மேல் வைத்தார். "இதை நான் அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட கொடுக்கப்போறதில்ல. அந்தப் பக்கம் இருக்கறதைக் கொடுங்க. அந்த ஒட்டற வேலையையும் நிறுத்துங்க. நிறுத்திட்டுக் கூப்பிடுங்க." மேலங்கியை மாட்டிக்கொண்டு, போகிற போக்கில் என் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

லூக் என்னைச் சமையலறையில் பிடித்தான்.

"வெளியாள் முன்னாடி அப்படிப் பண்ணியிருக்க வேணாம், வெர்னா. மேல இருக்கறவங்களுக்கு அந்த வரி பிடிக்கல. வெறும் சொல் திருத்தம்தானேன்னு நினைச்சேன்."

"டைசனும் சின்னச் சுத்தம்தானேன்னு நினைச்சான்."

"எங்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. நீ தீர்ந்ததுன்னு அமுக்கின."

அவன் கோப்பையைக் கழுவிக்கொண்டே இருந்தான், சுத்தமான பிறகும் கழுவினான். பழைய சிநேகிதத்துக்காக ஏதாவது சொல்லலாமா என்று எனக்குத் தோன்றியது. என் மேசைக்குத் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் என் பெயருக்கு ஒரு மாற்றம் வந்தது. எழுதியவன் லூக். ஒரே ஒரு வரி. விசைக்கு எதிரே 'இல்லை' என்று இருந்ததை 'ஆம்' என்று மாற்றியிருந்தான். விளக்கம் ஒன்றும் இல்லை, மன்னிப்பும் இல்லை. ரோவெனா ஏற்கெனவே பச்சை போட்டிருந்தாள். நான் அந்த ஒரு வரியைப் பல வரிகளைப் படிப்பதுபோலப் படித்தேன். பச்சை போட்டேன். போட்டுவிட்டு எழுந்திருக்கவில்லை.

டைசன் கோட்டும் தொப்பியுமாக வந்து நின்றான். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, பனி மேல் நீலமாக. "கிளம்பலையா? பச்சைதான் போட்டாச்சே."

"உள்ள போகட்டும்."

"ஒரு வார்த்தைதானே, வெர்னா. அதுல யாரு என்ன சேத்துடப்போறாங்க?"

நான் அவனைப் பார்த்தேன். அவன் தொப்பியைக் கழற்றினான். நாற்காலி எதையும் இழுத்துப் போட்டுக்கொள்ளவில்லை, போகவும் இல்லை. திரையைப் புதுப்பித்தேன். மறுபடி புதுப்பித்தேன். அந்த ஒரு வார்த்தைக்குக் கீழே எதுவும் சேரவில்லை. பிறகு மாற்றம் உள்ளே போனது.

விசை போடப்பட்டதும் கருவி நிலுவையில் இருந்த எல்லாவற்றையும் தானாகத் திரும்பப் பார்த்தது. என் குறி வாங்கிய பிறகு புதிதாக வரி சேர்ந்தவை எத்தனை என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. பட்டியலின் மேலிருந்து கீழாகப் பச்சை ஒவ்வொன்றாகச் சாம்பலானது. அதில் பாதி டைசனுடையது.

"இனிமே இங்க பயங்கரக் கியூ நிக்கும்" என்றான் அவன்.

"நிக்கட்டும்" என்றேன். முதலில் இருந்ததைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.